வாயிலைத் திறந்தவன் கதை

குற்றக் கதை என்றதும் முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம்மவரிடையே இன்னும் பலர் உள்ளனர். அதிலும், திரைப்படமாக வந்த குற்றக் கதையைப் பற்றி ஓர் இலக்கிய ஏட்டில் எழுதப் புகுந்தால், 'எழுதுவதற்கு வேறு பொருளே அகப்படவில்லையா?' என்று கேட்கத்தான் கேட்பார்கள். கேட்கட்டும். மர்மமும் மோசடியும் நம் எழுத்து மரபுக்கு அந்நியச் சரக்குகள் அல்ல. தமிழின் தொடக்கக் கால நாவல்களுள் ஒன்றாகிய சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்' 1885இல் வெளிவந்தது. குழந்தைக் கடத்தல் அதன் கதையில் உண்டு. அரபு மதரஸாக்களில் ஓதிக் கொடுக்கப்பட்டு வந்த ஹரீரியின் 'மகாமாத்' நூலோ, தன் ஐம்பது அத்தியாயங்களிலும் அபூ ஸைத் என்னும் ஏமாற்றுக்காரனைப் பின்தொடர்ந்து செல்கிறது. ஊருக்கு ஊர் வேடம் மாற்றி, நாவன்மை ஒன்றையே முதலாக வைத்து, மக்களின் கைப்பொருளைக் கறந்து செல்பவன் அவன். அந்நூலை இலக்கணத்துக்காகவும் சொல்வளத்துக்காகவும் ஓதியதாக ஆலிம்கள் சொல்வர். உண்மைதான். ஆயினும், அபூ ஸைத் இம்முறை எவ்வாறு அகப்படுவான் என்ற ஆவல் சிறிதும் இல்லாமலா மாணவர்கள் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள்?

தமிழ்க் குற்றக் கதைக்குள் விஞ்ஞானத்தைக் கொண்டுவந்து சேர்த்தவர்களில் சுஜாதா முதன்மையானவர். அவருடைய 'கொலையுதிர் காலம்' நாவலில், கண்ணெதிரே தோன்றும் உருவம் பேயா, ஒளியைக் கொண்டு உண்டாக்கிய பொய்த் தோற்றமா என்ற ஐயத்திலேயே வாசகன் நெடுந்தூரம் ஊசலாடுவான். அங்கே கருவி கண்ணை ஏமாற்றியது. இன்றைய கருவி ஏமாற்றுவது கண்ணை அன்று, நம்பிக்கையை. இந்த மாற்றத்தைத் தமிழ்த் திரையில் பெருந்திரளான மக்களிடம் கொண்டுசென்ற படம், பி. எஸ். மித்ரன் இயக்கி 2018 மே 11இல் வெளியான 'இரும்புத்திரை'. (இதே பெயரில் எஸ். எஸ். வாசன் 1960இல் எடுத்த படம் ஆலைத் தொழிலாளரைப் பற்றியது. பெயர் ஒன்று என்பதைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை.) படம் வந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. அதற்குப் பின் நம் வீடுகளில் நடந்தவற்றைப் பார்க்கும்போது, அதைத் திரும்ப எடுத்து எடைபோட்டுப் பார்ப்பது தேவை என்று தோன்றுகிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கதிரவன் இராணுவத்தில் மேஜர், கடுஞ்சினக்காரன், வெளிநாடு சென்று குடியேறிவிட வேண்டும் என்ற கனவுடையவன். மனநல மருத்துவர் ஒருவரின் நற்சான்று அவனுக்குத் தேவைப்படுகிறது. அவர், முதலில் ஊருக்குப் போய்க் குடும்பத்தாரோடு இருந்து பார் என்கிறார். ஊரிலே தந்தை ரங்கசாமி, கடன் வாங்கிக் கடன் வாங்கியே காலம் தள்ளிய மனிதர். அவருடைய கடன்களே குடும்பத்தைக் குலைத்தன என்ற வெறுப்பு மகனுக்கு. தங்கைக்குத் திருமணம் கூடி வருகிறது. பத்து இலட்சம் ரூபாய் வேண்டும். நிலத்தை விற்றுக் கொஞ்சம், வங்கிக் கடனாகக் கொஞ்சம் என்று ஏற்பாடு. நேர்வழியில் கடன் கிடைக்கவில்லை. தரகன் ஒருவன் பொய்ப் பத்திரங்களைத் தயார்செய்து வாங்கிக் கொடுக்கிறான். வங்கிக் கணக்கில் சேர்ந்த பணம், திருமண வீட்டுக்கு வந்து சேருமுன்பே மறைந்து போகிறது. காவல் நிலையத்துக்கு எப்படிப் போவது? பொய்ப் பத்திரம் கொடுத்துக் கடன் வாங்கியவன் அல்லவா அவன்! தானே தேடத் தொடங்குகிறான். தேடலின் மறுமுனையில் 'வெள்ளைப் பிசாசு' என்ற மறைபெயரோடு சத்தியமூர்த்தி நிற்கிறான். கதிரவனாக விஷாலும், சத்தியமூர்த்தியாக அர்ஜுனும், மருத்துவராக சமந்தாவும், தந்தையாக டெல்லி கணேஷும் நடித்திருக்கின்றனர்.

படத்தின் முற்பகுதியைப் போல் உண்மையான ஒரு குற்றக் கதை அண்மைத் தமிழில் அதிகம் வந்ததில்லை என்பது என் துணிபு. அதில் கணிப்பொறி மிகக் குறைவு என்பதே அதற்குக் காரணம். கொள்ளைக்காரன் வருவதற்கு நெடுநேரம் முன்னதாகவே கொள்ளைக்கான வழி வெட்டப்பட்டுவிடுகிறது. வெட்டுபவர்கள் யார்? பெண்ணுக்குத் திருமணம் என்றால் இவ்வளவு பணம் என்று கணக்கு வைத்திருக்கும் ஊர். மாதச் சம்பளக்காரனையும் நம்ப மறுக்கும் வங்கி. இரண்டுக்கும் இடையில் நின்று பசப்பும் தரகன். கடன் வாங்கியவனின் மகன் என்ற பெயரை எப்படியாவது அழித்துவிடத் துடிக்கும் ஒரு மகன். கடன்காரர் என்று தந்தையை வெறுத்தவனே, அவரைவிடப் பெரிய கடன்காரனாகி, அவர் ஒருநாளும் சொல்லாத பொய்யையும் எழுத்தில் சொல்லிவிட்டு நிற்கிறான். இந்த இடத்தில் படம் தன் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. 2024 நவம்பரில் மறைந்த டெல்லி கணேஷ், கடன் கேட்கும்போது முகத்தில் வரவழைத்துக்கொள்ளும் அந்தச் சிரிப்பு ஒன்றுக்காகவே இப்படத்தை இன்னொரு முறை பார்க்கலாம். மானத்தை மறைக்கச் சிரிக்கும் சிரிப்பு அது. நம் தெருக்களில் அந்தச் சிரிப்பைப் பார்த்திராதவர் உண்டா?

முஸ்லிம் குடும்பங்களுக்கு இப்பகுதி சற்று ஆழமாகவே தைக்கும். மணமகன்தான் மஹர் கொடுக்க வேண்டும் என்பது நம் மார்க்கம். மணமகள் வீட்டார் கைக்கூலி கொடுக்க வேண்டும் என்பது நாமாகவே தேடிக்கொண்ட வழக்கம். மிம்பரில் ஒன்று, வீட்டில் மற்றொன்று என்று எத்தனையோ ஆண்டுகளாக வாழ்ந்து பழகிவிட்டோம். வட்டி ஹராம் என்று அறிந்த தகப்பனும், மகளுக்குத் தேதி குறித்துவிட்ட பிறகு, வட்டிக் கடையின் படியை இரவில் மிதிக்கிறான். பகலில் மிதிக்க வெட்கம். இன்று அந்தப் படி அவனுடைய கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டது. ஐந்து நிமிடத்தில் கடன், பத்திரம் வேண்டாம், சாட்சி வேண்டாம் என்று அது அழைக்கிறது. யாரும் பார்க்கமாட்டார்கள் என்பதே அதன் முதற்கவர்ச்சி. ஆனால் அவன் தன் ஊரையும் உறவையும் தொலைபேசி எண்களையும் மொத்தமாக எடுத்து அந்நியன் ஒருவன் கையில் ஒப்படைத்த பிறகுதான் பணம் வருகிறது. தவணை தவறினால் அந்த உறவினர் ஒவ்வொருவரின் கைப்பேசியும் ஒலிக்கும். மறைத்து வாங்கிய கடனை ஊரறிய வசூலிக்கும் தந்திரம் அது. 'இரும்புத்திரை' இதையெல்லாம் விரித்துச் சொல்லவில்லை. ஆனால் திருட்டின் வேர் கருவியில் இல்லை, மறைத்துச் செய்ய வேண்டியிருக்கும் தேவையில் இருக்கிறது என்பதை முதல் ஒரு மணி நேரம் மிகச் சரியாகப் பிடித்து வைத்திருக்கிறது.

பிறகு அதை நழுவ விடுகிறது.

சத்தியமூர்த்தி திரையில் வந்து நின்றதும் கதையின் தன்மையே மாறிவிடுகிறது. அர்ஜுன் திறமையாகவே நடித்திருக்கிறார். குறை அவரிடம் இல்லை. எங்கும் நிறைந்த கண்ணாக, எதையும் திறக்கும் கையாக ஒருவன் உருவாக்கப்பட்டுவிட்டால், அதன்பின் கதையில் ஏமாறுவதற்கு எவருமே மிஞ்சுவதில்லை. அவன் விசையைத் தட்டுவான், கணக்கு காலியாகும், கேமரா திரும்பும். இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? இடி விழுவதை ஏமாற்று என்று யாரும் சொல்லமாட்டோம். பார்வையாளன் வியப்பான், அஞ்சுவான். ஆனால் 'நானாக இருந்தாலும் இப்படித்தானே செய்திருப்பேன்' என்று ஒரு கணமும் நினைக்கமாட்டான். முற்பகுதியில் அவனை அப்படி நினைக்க வைத்த அதே படம், பிற்பகுதியில் ஒரு மந்திரவாதியையும் ஒரு மல்லனையும் மோதவிட்டு முடிந்துபோகிறது. கணிப்பொறிக் கொள்ளைக்குக் கைகலப்பில் தீர்வு!

உண்மையில் கோட்டைகள் எப்படி விழுகின்றன என்பதற்கு, செங்கற்பட்டுக் கடற்கரையில் வாழும் எங்களுக்குத் தொலைவில் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. சிறுசேரியில் கண்ணாடி மாளிகைகளாக எழுந்து நிற்கும் கணினி நிறுவனங்களிலிருந்து கேளம்பாக்கம் வந்து, உப்பளங்களின் ஊடாகக் கிழக்கே சென்றால் கோவளம். மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் விரைபவர்களில் பெரும்பாலோர் கோவளத்தில் நிற்பது இரண்டு காரணங்களுக்காக. ஒன்று, அலை. மற்றொன்று, ஸஹாபி தமீமுல் அன்ஸாரி (ரலி) அவர்களின் அடக்கத் தலம் என்று மக்கள் போற்றி வரும் தர்கா. மூன்றாவதாக ஒன்று அங்கே இருந்தது. அதைப் பற்றிக் கேட்பவர் குறைவு. ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் அங்கு ஒரு கோட்டை கட்டினார். ஸஆதத் பந்தர் என்று அதற்குப் பெயர். அன்வருத்தீன் 1749இல் ஆம்பூர்ப் போரில் மாண்டார். மறு ஆண்டு, 1750இல், அக்கோட்டை பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று.

எப்படி வசமாயிற்று என்பதை ஆங்கில வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதி வைத்திருக்கிறார். பிரெஞ்சுக் கப்பல் ஒன்று கரைக்கு எதிரே நங்கூரம் பாய்ச்சி, ஆபத்தில் இருப்பதாக அடையாளம் காட்டியது. கோட்டையிலிருந்து ஆட்கள் படகேறிச் சென்று விசாரித்தார்கள். மாலுமிகளில் பெரும்பாலோர் ஸ்கர்வி நோயால் இறந்துவிட்டனர், எஞ்சியவர்களும் உடனே கரையேறாவிட்டால் மடிந்துபோவார்கள், கப்பலைச் செலுத்தவும் தெம்பில்லை என்று சொல்லப்பட்டது. கோட்டையின் அதிகாரி இரங்கினார், அனுமதி கொடுத்தார். மெலிந்த தோற்றமுள்ளவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்த முப்பது பேர் உள்ளே வந்தார்கள். அவர்கள் உடைக்குள் ஆயுதம் இருந்தது. அன்றிரவே காவலரை மடக்கிக் கோட்டையைக் கைப்பற்றிக்கொண்டார்கள்.

ஒரு பீரங்கிக் குண்டு செலவாகவில்லை. மதிலில் ஒரு கல்லும் பெயரவில்லை. ஏணி சாத்தியவன் இல்லை, சுரங்கம் வெட்டியவன் இல்லை. கதவை உள்ளிருந்தே திறக்கச் செய்தார்கள். முப்பது மெலிந்த உடல்களைத் தேர்ந்தெடுத்த அந்த ஒரு நுணுக்கத்தைப் பாருங்கள்! பொய்யை வாயால் சொன்னால் போதாது, அதற்கு உடலும் கொடுக்க வேண்டும் என்று அறிந்தவன் எவனோ அந்தக் கப்பலில் இருந்திருக்கிறான். இன்று வங்கியின் இலச்சினையையும் அரசு அலுவலகத்தின் முத்திரையையும் அச்சு அசலாகப் பதித்து அனுப்பும் கள்வனுக்கு அவனே பாட்டன். கடவுச்சொல்லை உடைத்துத் திறக்க வேண்டியதில்லை. உரியவனையே சொல்ல வைத்துவிடலாம். ஓ.டி.பி. எண்ணைத் திருட வேண்டியதில்லை, கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஹேக்கர்களைப் பற்றிய கதை எழுதுகிறவர்கள் பொறியியல் புத்தகத்தைப் புரட்டுமுன் கோவளத்து வரலாற்றைப் படிப்பது நல்லது.

ஓர்ம் இன்னொன்றும் சொல்கிறார். தம் இரக்கத்துக்கு நல்ல கைம்மாறு கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் அதிகாரி அனுமதி கொடுத்தாராம். இந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு ஓர்மிடம் ஒரு கேள்வி இருந்துகொண்டே இருக்கிறது. அந்த மனிதரின் நெஞ்சுக்குள் நீர் எப்போது புகுந்து பார்த்தீர்? கடலில் சாகக் கிடப்பவர்களைக் கரையேற்றுவது எந்த மார்க்கத்திலும் கடமை. அதைச் செய்தவரிடம் பேராசையும் இருந்தது என்று அந்நிய எழுதுகோல் ஒன்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போகிறது. இருந்திருக்கவும் கூடும், நான் மறுக்கவில்லை. இரக்கமும் இலாப நினைப்பும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியாதா? ஆனால் வஞ்சித்தவனின் செயல் அந்நூலில் தந்திரம் எனப்படுகிறது; வஞ்சிக்கப்பட்டவனின் செயலுக்கோ ஆசை கற்பிக்கப்படுகிறது. இந்த அநீதி அன்றோடு முடிந்துவிடவில்லை. பணத்தைப் பறிகொடுத்த ஒருவர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் வெளியே வந்ததும் சொல்லும் முதற்சொல் என்ன? 'படித்தவர்தானே, இவருக்கு ஏன் இந்தப் பேராசை?'

அந்தச் சொல்லுக்கு அஞ்சித்தான் பலர் வாய் திறப்பதில்லை. கதிரவன் தன் பொய்ப் பத்திரத்துக்கு அஞ்சி வாய் மூடினான். நம் வீட்டுப் பெரியவர்கள் ஒரு பொய்யும் சொல்லாமலேயே வாய் மூடுகிறார்கள். இணையக் குற்றங்களுக்கென 1930 என்ற தொலைபேசி எண்ணை அரசு வைத்திருக்கிறது. உடனே சொன்னால், பணம் கைக்குக் கை மாறிப் போகுமுன் தடுத்து நிறுத்த வழியுண்டு. பெற்ற பிள்ளையிடம் சொல்வதா வேண்டாமா என்று தடுமாறுவதிலேயே அந்த முதற்பொழுது கழிந்துவிடுகிறது. கள்வன் நம்பியிருப்பது தன் கருவியைக் காட்டிலும் இந்த வெட்கத்தைத்தான். 'இரும்புத்திரை' வெட்கத்தின் இந்த வலிமையைத் தொட்டுக் காட்டியது என்பதாலேயே, அதன் பிற்பகுதிக் கூத்துகளை என்னால் மன்னிக்கவும் முடிகிறது, மன்னிக்காமல் இருக்கவும் முடிகிறது.

இரக்கத்தைப் போலவே அச்சமும் ஒரு வாயில். படம் வந்த நாளில் இது இவ்வளவு பரவியிருக்கவில்லை. காணொளியில் காக்கிச் சட்டையோடு ஒருவன் தோன்றி, உங்கள் பெயரில் வந்த பொதியில் போதைப் பொருள் இருந்தது, நீங்கள் 'டிஜிட்டல் கைது' செய்யப்பட்டிருக்கிறீர்கள், அறையை விட்டு எழக்கூடாது என்பான். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொல்ல வேண்டிய அளவுக்கு அது முற்றிப்போயிற்று. முஸ்லிம் பெயர் உடையவர்களின் செவியில் அந்தக் குரல் இருமடங்கு பாரத்தோடு விழும் என்பதை நாம் வெளிப்படையாகவே பேசிக்கொள்ளலாம். வழக்கு, விசாரணை, பயங்கரவாதம் ஆகிய சொற்கள் நம் வீட்டுப் பெண்களுக்கு வெறும் செய்தித்தாள் சொற்களாக இருந்ததில்லை. கணவன் சபரில் இருக்க, வயதான மாமியாரையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு தனித்திருக்கும் பெண்ணிடம் அந்தக் குரல் பேசினால், எண்ணிப் பார்க்க அவளுக்கு எங்கே நேரம்? சூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாம் வசனம், தீயவன் கொண்டுவரும் செய்தியை விசாரித்துத் தெளியாமல் செயலில் இறங்கிவிடாதீர் என்று எச்சரிக்கிறது. விசாரிக்க நேரம் கொடாதிருப்பதே இந்தத் தொழிலின் முழுச் சாமர்த்தியமும். இந்தப் பெண்ணின் ஒரு பகல் பொழுதை எழுதினால், சத்தியமூர்த்தியின் எல்லாக் கருவிகளையும் விடக் கூரிய குற்றக் கதை கிடைக்கும்.

மறுமுனையில் இருப்பவன் யார் என்பதிலும் படம் பழைய பாட்டையே பாடுகிறது. ஒரு தலைவன், ஒரு சூத்திரதாரி. அவன் ஒழிந்தால் கொள்ளை ஒழிந்தது. நடந்திருப்பது வேறு. 2022ஆம் ஆண்டு, தாய்லாந்தில் கணினி வேலை என்று விமானம் ஏறிய தமிழ் இளைஞர்கள் சிலர், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே அடைத்து வைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யும்படி கட்டாயப்படுத்தப்பட்டார்கள். மறுத்தவர்களுக்கு அடி. அரசுகளின் முயற்சியால் ஒரு பகுதியினர் மீட்கப்பட்டு அவ்வாண்டே சென்னைக்கு வந்து சேர்ந்தனர். வேலைக்கென்று ஏமாற்றப்பட்டவனே அடுத்தவனை ஏமாற்ற உட்கார்த்தி வைக்கப்படுகிறான். நம் பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாக முகவர்களின் வாக்கை நம்பிக் கடல் கடந்து அனுப்பி வைத்தவர்கள் நாம். இச்செய்தியின் கசப்பு நமக்கு விளங்கும். தொலைபேசியில் இனிக்கப் பேசும் அந்தக் குரலுக்கு உரியவனும் யாரோ ஒரு தாயின் பிள்ளையாக, கடவுச்சீட்டைப் பறிகொடுத்தவனாக இருக்கக்கூடும். இதை எழுத ஒரு நாவலாசிரியன் வேண்டும். சண்டைப் பயிற்சியாளர் போதாது.

இங்கே இன்னொரு படத்தையும் சொல்லிவிட வேண்டும். தேசிங் பெரியசாமியின் 'கண்ணும் கண்ணும் கொள்ளையடித்தால்', 2020 பிப்ரவரி 28இல் வெளியானது. துல்கர் சல்மானும் ரக்ஷனும் இணைய வணிகத்தின் சந்து பொந்துகளில் புகுந்து சிறு சிறு மோசடி செய்து சுகமாக வாழும் நண்பர்கள். பின்னர் அவர்களையே ஏமாற்றிவிடும் இரு பெண்கள். அவர்கள் எல்லோரையும் துரத்தி வரும் கௌதம் மேனனின் காவல் அதிகாரி. சுவையான படம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். திருப்பங்கள் வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. ஆனால் இப்படத்தில் ஏமாந்தவர்களுக்கு முகமே இல்லை. பெரிய கடைகள்தானே, பணக்காரர்கள்தானே என்ற சமாதானத்தில் அரங்கம் கைதட்டுகிறது. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) கைவிட்டுப் பார்த்து, அடியில் ஈரம் இருக்கக் கண்டு விற்றவரைக் கண்டித்த நிகழ்ச்சி நம் பிள்ளைகள் எல்லோருக்கும் ஓதிக் கொடுக்கப்பட்டது. வாங்கியவர் ஏழையா செல்வரா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நான் படத்தைத் தடைசெய்யச் சொல்லவில்லை. பார்த்துச் சிரிப்பவர்களையும் கண்டிக்கவில்லை. ஹரீரியும் நம்மைச் சிரிக்க வைத்தவர்தான். ஆனால் ஸன்ஆ நகரத்து அத்தியாயத்தில், உருக்கமாக உபதேசம் செய்து காசு திரட்டிய அபூ ஸைத், பிறகு குகைக்குள் பொரித்த இறைச்சியும் மதுவுமாக அமர்ந்திருப்பதைக் காட்டும்போது, உபதேசம் கேட்டு உருகிய மக்களை ஹரீரி ஒரு சொல்லாலும் எள்ளுவதில்லை. அவர்களுடைய கண்ணீர் மெய்யாகவே இருக்கிறது. பொய் எல்லாம் அவன் பக்கத்தில். ஒன்பது நூற்றாண்டுக்கு முற்பட்ட அந்தப் பஸ்ராக்காரருக்குத் தெரிந்த இந்தக் கண்ணியம் நம் திரைக்கதையாசிரியர்களுக்கு ஏன் கைவரவில்லை?

'இரும்புத்திரை' கேட்ட இன்னொரு கேள்விக்கு உரிய மதிப்பைக் கொடுக்காமல் விடலாகாது. நம்மைப் பற்றிய விவரங்கள் எங்கெங்கோ பதிவாகி, யார் யாருக்கோ விலைபோகின்றன. அதற்கு நாம் எப்போது சம்மதித்தோம் என்று அது கேட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்திருந்தார்கள். ஆதார் வழக்கில் தீர்ப்பு 2018 செப்டம்பரில் வந்தது. இரண்டுக்கும் இடையில் வந்த படம் அது. ஒரு வணிகப் படத்துக்கு அந்தத் துணிவு சிறிதன்று. பிறர் வீட்டுக்குள் அனுமதி பெற்று, ஸலாம் உரைத்து, அதன் பின்னரே நுழையுங்கள் என்று சூரத்துந் நூரில் படித்தவர்கள் நாம். பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராய்வது ஹுஜுராத்தில் விலக்கப்பட்டிருக்கிறது. வாயிற்படியின் புனிதம் நமக்குப் புதிய பாடம் அன்று. கைப்பேசிக்கும் ஒரு வாயிற்படி உண்டு என்பதுதான் புதிது. மனைவியின் கைப்பேசியைக் கணவனும், மகளின் கைப்பேசியைத் தந்தையும் கேட்காமல் எடுத்துப் பார்க்கும் வீட்டில், கடையில் எண்ணைக் கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடும் பழக்கமும் சேர்ந்தே வளரும். படம் இந்த வீட்டுக்குள் நுழையவில்லை. அரசையும் சத்தியமூர்த்தியையும் சாடியதோடு நிறைவடைந்துவிட்டது. ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியே ஏமாற்றினால் மூன்றாண்டு வரை சிறை என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு சொல்கிறது. அதெல்லாம் அகப்பட்டவனுக்கு.

கோவளத்துக் கோட்டையின் எஞ்சிய வரலாறு நீண்டதன்று. 1752இல் கிளைவ் புதிதாகச் சேர்த்த, போர் அறியாத படையோடு வந்து அதை முற்றுகையிட்டார். வெடியோசைக்கு அஞ்சிக் கிணற்றுக்குள் ஒளிந்துகொண்ட வீரன் ஒருவனைப் பற்றி ஆங்கிலேயரே எழுதியிருக்கிறார்கள். கோட்டை பணிந்தது. அது பணிந்துவிட்ட செய்தி எட்டாமல், அதைக் காக்கவெனச் செங்கற்பட்டிலிருந்து புறப்பட்டு வந்த படை, மறைந்திருந்தவர்களின் கையில் நேராகப் போய் விழுந்தது. அதே ஆண்டில் செங்கற்பட்டுக் கோட்டையும் வீழ்ந்தது. கோவளத்துக் கோட்டை வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. இன்று அவ்விடத்தில் அலை பார்க்க வருகிறவர்களுக்கு அங்கே ஒரு வாயில் இருந்ததே தெரியாது.

கிளைவைப் பற்றி நூல்கள் இருக்கின்றன. தந்திரம் செய்த பிரெஞ்சுக்காரருக்கும் வரலாற்றில் ஒரு வரி கிடைத்திருக்கிறது. நோயாளிகள் என்று நம்பி வாயிலைத் திறந்த அந்த அதிகாரியின் பெயரை ஓர்ம் குறிக்கவில்லை. அவர் அன்றிரவு மாண்டாரா, பிழைத்துத் தம் வீட்டுக்குப் போனாரா, போனவர் மனைவி மக்களிடம் என்ன சொன்னார் என்பதும் அவர் பக்கங்களில் இல்லை. தமிழில் எவரேனும் அவரைப் பற்றி ஒரு கதை எழுதினால், காசு கொடுத்து வாங்கி முதல் ஆளாகப் படிக்க நான் காத்திருக்கிறேன். இணையம் என்ற சொல்லே அதில் வரத் தேவையில்லை.